முன்னால் போகத் தயங்காதீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டாலஸில் பழைய 22 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கியது, பள்ளி விடுமுறையில் முதல் பயணமாக ஒரு மாநிலப் பூங்காவுக்குப் புறப்பட்டது, அங்கே கேம்ப்சைட்டுக்குள் அதைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் இருட்டும்வரை தவித்தது, குழந்தைகள் பின்சீட்டில் அழுதது, கடைசியில் பக்கத்து இடத்துப் பெரியவர் சாவியை வாங்கி உள்ளே நிறுத்திக் கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அன்றிரவு நீங்களும் உங்கள் கணவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லரை விற்றுவிடலாம் என்கிறார் அவர். “பின்னால் நின்ற நான் அவருக்கு எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?” என்று கேட்கிறீர்கள் நீங்கள்.

விற்க வேண்டாம். இது கற்றுக்கொண்டால் வரும் வேலைதான். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த டிரெய்லர் அன்று ஏன் அப்படி முரண்டு பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாதவர் கீழே நின்று சொல்லும் யோசனையும், காரணம் தெரியாதவர் உள்ளே இருந்து திருப்பும் ஸ்டீயரிங்கும் சேர்ந்தால் சண்டைதான் மிஞ்சும்.

உங்கள் கணவர் நல்ல ஓட்டுநர்தான். அந்தப் பழக்கமே அன்று அவரை ஏமாற்றியது. காரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ, காரின் பின்பகுதி அந்தப் பக்கம் போகும். பல வருடமாகக் கை அதையே பழகியிருக்கிறது. டிரெய்லரை மாட்டிய பிறகும் அந்த விதி மாறுவதில்லை. வலப்புறம் ஒடித்தால் வண்டியின் பின்பகுதி வலப்புறம்தான் போகிறது. ஆனால் அங்கே டிரெய்லரை மாட்டியிருக்கும் ஹிட்ச், அதன் மூக்கையும் வலப்புறம் தள்ளிக்கொண்டு போகிறது. டிரெய்லர் தன் சக்கரங்களை மையமாக வைத்துச் சுழலும் பொருள். மூக்கு வலப்புறம் போனால் வால் இடப்புறம் போகிறது. ஓட்டுபவருக்கு வேண்டியது வால் போகும் திசை. ஸ்டீயரிங் கொடுப்பதோ அதற்கு எதிர்த் திசை.

இது பாதிச் சிக்கல்தான். இது மட்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் மனத்துக்குப் பழகிவிடும். மீதிப் பாதிதான் ஆளைத் திணறடிப்பது.

டிரெய்லரை முன்னால் இழுக்கும்போது அது தானாகவே நேராகிக்கொள்ளும். ஹைவேயில் மணிக்கணக்காகப் போனாலும் அதை நேராக வைக்க நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பின்னால் தள்ளும்போது அந்த வசதி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல்கூட, தள்ளத் தள்ள வளர்ந்துகொண்டே போகும். நீளமான ஒரு கோலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கோல் சாயத் தொடங்கும்போதே கை அந்தப் பக்கம் நகர வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் பெரிதாக ஓட வேண்டியிருக்கும். இன்னும் தாமதித்தால் ஓடியும் பயனில்லை. டிரெய்லரின் கணக்கும் இதே இயற்பியல்தான். நீளக் கோல் மெதுவாகச் சாயும், பென்சில் பொசுக்கென்று விழுந்துவிடும். அதனால்தான் 30 அடி டிரெய்லரை விட 12 அடி டிரெய்லரைப் பின்னால் எடுப்பது கடினம். முதலில் சின்னதாக வாங்கிப் பழகலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இழுப்பதற்குச் சின்னது சுலபம். தள்ளுவதற்குச் சின்னது பொல்லாதது. உங்களுடைய 22 அடி, பழகுவதற்கு நல்ல அளவு.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலும் அதைக் குறைக்க முடியாது. மேலும் தள்ளினால் டிரெய்லர் மடங்கி, அதன் முன்மூலை வண்டியின் பம்பரில் வந்து இடிக்கும். ஜாக்நைஃப் என்று இங்கே சொல்வது இதைத்தான். இந்த நிலைக்குத் தீர்வு ஒன்றே ஒன்று: நிறுத்திவிட்டு முன்னால் போவது. பத்தடி, இருபதடி முன்னால் போனால் டிரெய்லர் தானே நேராகிவிடும். பிறகு மறுபடி பின்னால் வரலாம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரிடம் நான் நேரில் பேச விரும்புகிறேன். முன்னால் போவதைத் தோல்வியாக நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்து கேம்ப்சைட்டுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள். பின்னால் இன்னொரு வண்டி வழிக்குக் காத்திருக்கிறது. ஒரே மூச்சில் உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்று வேகம் வருகிறது. கோணம் கெட்ட பிறகும் பின்னாலேயே தள்ளுகிறார்கள். இந்த நாட்டில் கனரக லாரிக்கான லைசென்ஸ் தேர்விலேயே, பின்னால் எடுக்கும்போது நிறுத்தி முன்னால் போய்த் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறார்கள்; அளவுக்கு மீறினால்தான் மதிப்பெண் குறையும். இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஏறவும் அனுமதி உண்டு. அதையே தொழிலாகச் செய்யப் போகிறவர்களுக்கே அந்த உரிமை இருக்கும்போது, விடுமுறைக்கு வந்தவருக்கு என்ன வெட்கம்? முன்னால் போவது பின்னால் எடுப்பதன் ஒரு பகுதி. நான்கு முறை முன்னால் போனாலும் ஒரு கீறலும் இல்லாமல் நிறுத்தியவர் நன்றாக நிறுத்தியவர்தான்.

இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன், உங்கள் கணவர் மென்பொருள் துறையில் இருப்பதால் அவருக்குப் பிடிக்கும். 1989-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ என்ற இருவர், செயற்கை நரம்பு வலைக்கு ஒரு கடினமான சோதனை வைக்க விரும்பினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது, டிரெய்லர் லாரியைச் சரக்கு மேடைக்குப் பின்னால் எடுப்பது. கணினிக்குள் உருவாக்கிய லாரிதான். தொடக்கத்தில் அதை மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். அது வந்த பிறகு தூரத்தையும் கோணலையும் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கான முறை எடுத்துப் பழகிய பிறகு அது ஏறக்குறைய எங்கிருந்தும் மேடைக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் இருவரும் அன்று செய்தது இதற்கு நேர் எதிர். முதல் பாடத்தையே மரங்களுக்கு நடுவே, செங்கோணத் திருப்பத்தில், மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

ஃபோர்ட் நிறுவனம் 2016 மாடல் எஃப்-150 பிக்கப்பில் ஒரு திருகுக் குமிழ் வைத்தது. டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அதைத் திருப்பினால் போதும், ஸ்டீயரிங்கை வண்டியே பார்த்துக்கொள்ளும். பிறகு மற்ற நிறுவனங்களும் இதுபோன்ற வசதிகளைக் கொண்டுவந்தன. நல்ல வசதி, வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால் கிளை தாழ்ந்திருப்பதையும், மண் இளகியிருப்பதையும் அந்தக் குமிழ் பார்க்காது. உங்கள் பிக்கப்பில் அது இல்லை என்று வருந்த வேண்டாம்.

இப்போது கைக்கு வருவோம். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தை, ஒரு கையால் பிடிக்கச் சொல்லுங்கள். டிரெய்லரின் வால் இடப்புறம் போக வேண்டுமானால் கையை இடப்புறம் நகர்த்த வேண்டும். வலப்புறம் போக வேண்டுமானால் வலப்புறம். எதிர்த் திசைக் குழப்பம் இதோடு தீர்ந்தது. நேராகப் பின்னால் வரும்போது இன்னும் ஒரு வழி இருக்கிறது: எந்தப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் கூடுதலாகத் தெரியத் தொடங்குகிறதோ, அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் அது மறுபடி நேராகும். கொஞ்சம்தான். ஒடித்துவிட்டு, டிரெய்லர் பதில் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் திரும்பி, வண்டி நகர்ந்து, ஹிட்ச் தள்ளி, டிரெய்லர் திரும்புவதற்குள் சில அடி தூரம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து இன்னும் ஒடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம். சமதரையில் பிரேக்கைத் தளர்த்தினாலே வண்டி ஊர்ந்து வரும். அந்த வேகம் போதும்.

வளைவில் இன்னொன்று சேர்கிறது. டிரெய்லருக்கு வேண்டிய கோணம் வந்ததும் ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்பி, வண்டி டிரெய்லரைப் பின்தொடரும்படி செய்ய வேண்டும். திருப்பாமல் அப்படியே தள்ளினால் கோணம் வளர்ந்து மடங்கிவிடும். எப்போது திருப்புவது? வேண்டிய கோணம் வந்த பிறகு என்றால் தாமதம். வருவதற்குச் சற்று முன்பே. இதைச் சொல்லித் தர முடியாது, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேம்ப்சைட்டுக்கு முன் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதால், கேம்ப்சைட் இடப்பக்கம் இருக்கும்படி வருவதே நல்லது. அப்போது டிரெய்லர் திரும்புவதை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியே பார்க்கலாம். வலப்பக்கம் திரும்பினால் டிரெய்லரின் வால் கண்ணாடியிலிருந்தே மறைந்துவிடும். அனுபவசாலிகளும் விரும்பாத பக்கம் அது. பதிவு செய்யும்போதே பூங்காவின் வரைபடத்தில் ஒருவழிப் பாதை எந்தத் திசையில் போகிறது, உங்கள் இடம் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்.

இடத்தை அடைந்ததும் உடனே பின்னால் எடுக்கத் தொடங்காமல் வண்டியை நிறுத்தி இருவரும் இறங்குங்கள். நடந்து பாருங்கள். மின் இணைப்புக் கம்பம் பெரும்பாலும் டிரெய்லரின் ஓட்டுநர் பக்கம்தான் வரும், ஏனென்றால் டிரெய்லரின் பிளக்கும் தண்ணீர்க் குழாயும் அந்தப் பக்கம் இருக்கின்றன. கதவும் வெயில்மறைப்பும் மறுபக்கம். அதனால் சாப்பாட்டு மேசையும் நெருப்பு வளையமும் அந்தப் பக்கம் இருக்கும், ஓட்டுநருக்குத் தெரியாத பக்கம். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள், மேலே பார்ப்பவர்கள் குறைவு. டிரெய்லரின் கூரையில் ஏசி இருக்கிறது, காற்றுத் துளை மூடிகள் இருக்கின்றன; ஓர் ஓக் கிளை அவற்றைப் பெயர்த்துவிடும். உங்கள் டிரெய்லரில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் உராய்வுத் தண்டு ஹிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால், பின்னால் எடுக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கூர்மையான திருப்பத்தில் வளைந்து முறியும்.

பிறகு கேம்ப்சைட் பக்கத்தை ஒட்டியபடியே அதைத் தாண்டிப் போக வேண்டும். வண்டி அதன் வாசலைத் தாண்டும்போது வலப்புறம் ஒடித்து, உடனே இடப்புறம் திருப்பி, டிரெய்லரின் வாலும் வாசலைத் தாண்டியதும் நேராக நிறுத்த வேண்டும். இப்படிச் செய்தால் டிரெய்லர் ஏற்கெனவே சற்றுச் சாய்ந்து, வால் கேம்ப்சைட்டைப் பார்த்தபடி இருக்கும். திருப்பத்தின் ஒரு பகுதியை முன்னால் போகும்போதே, சுலபமான திசையிலேயே முடித்தாகிவிட்டது. அதன்பின் பின்னால் வரும்போது ஓட்டுநர் கண் வைக்க வேண்டியது ஒரே இடம்: தன் பக்கத்து டிரெய்லர் சக்கரமும், வாசலில் முதலில் வரும் மூலையும். சக்கரம் அந்த மூலையை நெருக்கமாக ஒட்டிப் போனால் டிரெய்லர் உள்ளே நுழைந்துவிடும். டிரெய்லர் நுழையும் நேரத்தில் வண்டியின் மூக்கு சாலையின் எதிர்ப்பக்கம் வீசும். அங்கே பள்ளமோ கம்பமோ இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கீழே நிற்பவர் எப்படிச் சொல்வது?

1954-இல் வின்சென்டி மினெல்லி இயக்கத்தில் ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்று ஒரு படம் வந்தது. லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதியாக நடித்தார்கள்; நிஜ வாழ்விலும் அப்போது அவர்கள் கணவன் மனைவி. மனைவியின் உறவினர் வீட்டு வாசலில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. ஆளுக்கொரு யோசனை கத்த, ரோஜாச் செடியும் வீட்டின் ஒரு பகுதியும் நாசமாகும். அந்தக் காலத்திலேயே கூட்டமாகக் கத்துவதுதான் காரணம் என்பதைப் படம் எடுத்தவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் விதி: சொல்பவர் ஒருவர் மட்டும். பக்கத்து இடத்துக்காரர் உதவ வந்தால் நன்றி சொல்லுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள், அல்லது நீங்கள் சொல்லுங்கள், அவர் நிற்கட்டும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் டிரெய்லருக்கு நேர் பின்னால் இல்லை. அங்கே நின்றால் அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், தடுக்கி விழுந்தால் வண்டி உங்கள் மேல் வரும். ஓட்டுநர் பக்கம், பின் மூலைக்கு அப்பால், சற்று விலகி, அவருடைய கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும்படி நில்லுங்கள். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் முகம் அவருக்குத் தெரியும். டிரெய்லர் திரும்பத் திரும்ப நீங்களும் நகர வேண்டியிருக்கும். அவர் பங்குக்கு ஒரே ஒரு சத்தியம் செய்து தரச் சொல்லுங்கள்: நீங்கள் கண்ணாடியில் மறைந்த கணமே அவர் நிறுத்திவிட வேண்டும். “தெரிகிறாளா, இல்லையா” என்று யோசித்துக்கொண்டே ஓரடி வருவதுகூடக் கூடாது.

சொல்லும் வார்த்தைகளை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ‘லெஃப்ட்’, ‘ரைட்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். யாருடைய லெஃப்ட்? வண்டியைப் பார்த்து நிற்கும் உங்களுடையதா, உள்ளே இருக்கும் அவருடையதா? ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்கிறீர்களா, டிரெய்லர் போக வேண்டிய பக்கத்தைச் சொல்கிறீர்களா? அதோடு, நம்மூர் பஸ்ஸில் வளர்ந்த காதுக்கு “ரைட், ரைட்” என்றால் போகலாம் என்று பொருள். ஆகவே டிரெய்லரின் வால் போக வேண்டிய பக்கத்துக்குக் கையை நீட்டிக் காட்டுங்கள், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அது அவர் வேலை. வாய்ச்சொல் வேண்டுமென்றால் ‘ஓட்டுநர் பக்கம்’, ‘கதவுப் பக்கம்’ என்று சொல்லுங்கள். இரண்டு கையையும் உயர்த்தினால் நிறுத்து. என்ஜின் சத்தத்தில் குரல் போய்ச் சேராது என்றால் ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பஸ் கண்டக்டர்களின் வழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம்: ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. அலைபேசியில் பேசிக்கொள்வதும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காட்டுப் பூங்காக்களில் பல நேரம் சிக்னல் கிடைக்காது, அதனால் சின்ன வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கினால் பணம் வீணாகாது.

தூரத்தையும் சொல்லுங்கள். “வரலாம், வரலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று “நிறுத்து” என்று அலறினால் யாருக்கும் பதறும். “பத்தடி இருக்கிறது, ஐந்தடி, இரண்டு, நில்” என்று இறங்கிக்கொண்டே வந்தால் அவர் கால் தானே பிரேக்குக்குப் போகும். குரலில் கோபமோ பயமோ ஏறக் கூடாது. இது மரியாதைக்காகச் சொல்வதில்லை. உள்ளே இருப்பவர் கண்ணாடி, ஜன்னல், ஸ்டீயரிங், உங்கள் கை என்று நாலு இடத்தில் கவனம் வைத்திருக்கிறார். அதட்டினால் அந்தக் கவனத்தில் பாதி உங்கள் கோபத்துக்குப் போய்விடும்.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இந்த நாட்டில் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா 2018 மே முதல் கட்டாயம். அதற்கான சட்டம் 2008-இல் கையெழுத்தானது. காரணம், வீட்டு வாசலில் பின்னால் வரும் கார்களுக்கு அடியில் சிறு குழந்தைகள் சிக்கி இறந்துகொண்டிருந்தார்கள். ஓட்டியவர்கள் பெரும்பாலும் அந்தக் குழந்தைகளின் பெற்றோரும் உறவினரும். ஓட்டுநர் சீட்டில் இருந்து பார்த்தால் தெரியாத அந்த இடத்தைக் காட்டுவதற்காகவே வந்தது அந்தக் கேமரா. டிரெய்லரை மாட்டிய கணத்தில் அது குருடாகிவிடுகிறது. ஹிட்சையும் டிரெய்லரின் முன்சுவரையும் தவிர வேறெதுவும் அதில் தெரியாது. எட்டடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை ஓடினால் உங்கள் கணவருக்கு எந்தக் கருவியும் சொல்லாது. டிரெய்லரின் பின்பக்கம் தனிக் கேமரா பொருத்தலாம், பொருத்துங்கள். அதைவிட முக்கியம் இது: பின்னால் எடுக்கத் தொடங்குவதற்கு முன் குழந்தைகள் வண்டிக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது வேறொரு பெரியவரின் கையைப் பிடித்து நிற்க வேண்டும். பக்கத்து இடத்துக் குழந்தைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தால் அவர்கள் போகும்வரை நிறுத்துங்கள். கேம்ப்சைட்டுகளில் குழந்தைகள் எங்கும் ஓடுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த இடமே.

உள்ளே நிறுத்தியதும் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே ஹிட்சைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

இனி, பின்னால் எடுக்கத் தேவையில்லாத, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடங்களில் மட்டும் தங்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படிப்பட்டவை ஹைவே ஓரத்துத் தனியார் பார்க்குகளில் நிறைய இருக்கின்றன. வழியில் ஓரிரவு தங்க நல்லவை. ஆனால் டெக்சாஸின் அழகான பூங்காக்கள் பலவற்றை 1930-களில், பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் கட்டியது. கார்னர், பாலோ டூரோ, இங்க்ஸ் லேக், கேடோ லேக் எல்லாம் அந்தக் கைகளின் வேலை. ஆற்றையும் ஏரியையும் ஒட்டி, மரத்தடியில் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் பின்னால் எடுத்துத்தான் நுழைய வேண்டியவை. இந்த ஒரு வேலைக்குப் பயந்து கார்னர் பூங்காவின் ஃபிரியோ ஆற்றங்கரையை உங்கள் பிள்ளைகள் இழக்க வேண்டாம்.

பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளியின் கார் நிறுத்துமிடம் போதும், கேட்டுக்கொண்டு போங்கள். நான்கைந்து ஆரஞ்சு கூம்புகள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுவதும் நேர்க்கோட்டில் மட்டும் பின்னால் வாருங்கள், வேறெதுவும் வேண்டாம். அது சலிப்பாக இருக்கும். சலிப்புத் தட்டும்வரை செய்வதுதான் பாடம். அடுத்த நாள் ஒரே ஒரு வளைவு, அதுவும் ஓட்டுநர் பக்கம். பிறகு கூம்புகளை 12 அடி அகலத்தில் வைத்து அதற்குள் நுழைப்பது. வேண்டுமென்றே ஒருமுறை கோணத்தை மெதுவாகக் கெடவிட்டு, இடிப்பதற்கு நன்றாக முன்பே நிறுத்தி, முன்னால் போய் நேராக்கிப் பாருங்கள். எந்த அளவு வரை மீட்க முடியும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பெரும்பங்கு போய்விடும். அதன் பிறகான முதல் பயணத்தில் மாலை 4 மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றை உரிமையோடு சொல்கிறேன். உங்கள் கடிதம் முழுக்க ‘அவர் ஓட்டுகிறார், நான் நிற்கிறேன்’ என்றே இருக்கிறது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் அப்படித்தான், இங்குள்ள வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் அப்படித்தான். ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்கள் டிரெய்லரின் எடைக்கு டெக்சாஸில் தனி லைசென்ஸ் தேவையில்லை. உங்களிடம் இருக்கும் சாதாரண லைசென்ஸே போதும். கையில் வலிமையும் வேண்டாம், பவர் ஸ்டீயரிங் இருக்கிறது. வேண்டியது நிதானம். நகரத்திலிருந்து பல மணி நேரத் தொலைவில், காட்டுக்குள், அவருக்கு நெஞ்சு வலியோ கால் முறிவோ வந்தால் அந்த டிரெய்லரை அங்கிருந்து எடுத்து வருவது யார்? அந்தக் கேள்விக்கு ‘நான்’ என்று பதில் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். அதோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்குத்தான் கீழே நின்று சொல்லவும் தெரியும். கீழே நின்றவருக்குத்தான் நிற்பவரின் சிரமம் புரியும்.

ஆகவே வரும் ஞாயிறு காலை அந்தப் பள்ளி நிறுத்துமிடத்துக்குப் போனதும் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரம் நீங்கள் ஓட்டுங்கள், அவர் கண்ணாடியில் தெரியும்படி கீழே நிற்கட்டும். எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்